பல்கலைக் கழக நூல் நிலையத்தின் பணி



பல்கலைக் கழகம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? பேராசிரியர் நின்று விளக்கும் வகுப்பறை தோன்றும். நெஞ்சம் படபடக்க நாம் சென்று அமரும் தேர்வு மண்டபம் தோன்றும். கறுப்பு அங்கி அணிந்து பட்டம் பெறும் விழா மேடை தோன்றும். இம்மூன்றினோடும் நமக்குள்ள தொடர்பு சில ஆண்டுகளில் முடிந்து விடுகிறது. நான்காவதாக ஓர் இடம் உண்டு. அங்கே பாடத்திட்டம் இல்லை; மணி அடித்து எழுப்புவார் இல்லை; மதிப்பெண் இடுவாரும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நம்மோடு உறவு கொள்ள வல்ல அந்த இடமே நூல் நிலையம்.

நூல் நிலையம் என்பது நூல்களைப் பத்திரமாக அடைத்து வைக்கும் களஞ்சியமா, அல்லது அவற்றை வேலை வாங்கும் பட்டறையா? எளிய வினாவாகத் தோன்றினும், உலகம் இதற்குச் சரியான விடையைக் காணப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்த விடையை நடைமுறையில் காட்டிய நிலையங்களுள் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. அதன் வரலாற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முற்காலத்தில் நூல் என்பது அரிய பொருள், கையால் எழுதப்பட்டது, எளிதில் கிடைக்காதது. ஆகவே அதைக் காப்பதே தலையாய கடமையாகக் கருதப்பட்டது. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்துப் பேராலயத்தில் அத்தகைய நூல் நிலையத்தை இன்றும் காணலாம். நம் நாட்டிலோ ஏட்டுச் சுவடிகள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளும் பரணிலும் வைக்கப்பட்டன. வெளியே எடுத்துப் படிப்பாரும், பழுதுற்றபோது படி எடுப்பாரும் இருந்த வரையில் அவை வாழ்ந்தன. அத்தகையோர் இல்லாத வீடுகளில் செல்லுக்கு இரையாயின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் ஊர் ஊராகச் சென்று தேடியிராவிடில், இன்று நாம் பெருமையுடன் கற்கும் பழந்தமிழ் நூல்கள் பல நமக்குக் கிடைத்திரா. பூட்டி வைப்பதனால் மட்டும் ஒரு நூல் பிழைத்து விடாது. அதைப் படிப்பவரே அதற்கு உயிர் அளிக்கிறார். இந்த உண்மையை நாம் பெரும் இழப்புக்குப் பின்னரே அறிந்தோம்.

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆனால் நெடுங்காலம் அது பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பிக்கும் வேலை கல்லூரிகளுடையது. எனவே பல்கலைக் கழகத்துக்கெனத் தனி நூல் நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறவில்லை. 1904-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம், பேராசிரியர்களை நியமிக்கவும் நூல் நிலையங்களையும் ஆய்வுக் கூடங்களையும் அமைக்கவும் பல்கலைக் கழகங்களுக்கு உரிமை அளித்தது. அதன் பின்னரே, 1907-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக் கழக நூல் நிலையம் தோன்றியது. அதற்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. எழும்பூரிலுள்ள கன்னிமரா நூல் நிலையக் கட்டடத்திலேயே அதற்கும் இடம் தரப்பட்டது.

1924-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்நிலையத்தின் முதல் நூலகராக ஒருவர் பொறுப்பேற்றார். அவர்தாம் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். மாணவர் நடுவே உற்சாகமாகப் பாடம் சொல்லி வந்த அவருக்குப் புதிய பதவியின் தனிமை சகிக்க முடியாததாக இருந்தது. நூல்கள் இருந்தன, நாடி வருவோர் மிகச் சிலரே. சில நாட்களுக்குள்ளேயே, தம்மைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்பி விடுமாறு அவர் வேண்டிக் கொண்டார். நூல் நிலையப் பயிற்சிக்காக முதலில் இங்கிலாந்து சென்று வரட்டும். அதன் பின்னரும் மனம் ஒப்பவில்லையானால் பழைய பதவிக்குத் திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

அவ்வாறே அவர் லண்டன் சென்று பல்கலைக் கழகக் கல்லூரியில் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களை நேரிற் கண்டார். அங்குள்ள நூல் நிலையங்கள் பலதரப்பட்ட மக்களுக்கும் தொண்டு செய்வதைப் பார்த்தபோது அவர் உள்ளம் மாறியது. 1925-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அவர், கணித ஆசிரியர் பதவியை மீண்டும் நாடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளையும் சென்னைப் பல்கலைக் கழக நூல் நிலையத்துக்கே அளித்தார்.

திரும்பி வந்ததும் அவர் செய்த மாறுதல்களுள் முதன்மையானது, அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்து விட்டதாகும். அதற்கு முன் பெரும்பாலான நூல் நிலையங்களில் வழங்கிய முறை வேறு. வாசகர் வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க, பணியாள் உள்ளே சென்று தேடி வருவார். நூலின் பெயர் தெரியாதவருக்கு அங்கே வேலையே இல்லை. திறந்த அலமாரி முறையில் வாசகர் தாமே நூல்களிடையே உலவலாம். ஒன்றைத் தேடப் போய் அதனினும் சிறந்த வேறொன்றைக் கண்டெடுக்கலாம். 'நூல்கள் களவு போய்விடுமே' என்பது எங்கும் எழும் அச்சம். ஒரு சில நூல்கள் மறையக் கூடும் என்பது உண்மையே. ஆனால் எல்லா நூல்களையும் எல்லாரிடமிருந்தும் மறைத்து வைப்பதைவிடப் பெரிய இழப்பு வேறு என்ன இருக்க முடியும்?

அலமாரியைத் திறந்து விட்டால் மட்டும் போதாது. உள்ளே ஓர் ஒழுங்கு வேண்டும். பொருள் தொடர்புடைய நூல்கள் அருகருகே இருந்தால்தான் உலவுவதில் பயன் உண்டு. அமெரிக்கரான மெல்வில் டூயி என்பவர் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை அப்போது பல நாடுகளில் வழங்கியது. அதில் அறிவுத் துறைகளெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கும். புதிய துறைகளும் கலப்புத் துறைகளும் தோன்றத் தோன்ற, அவற்றைப் பழைய அறைகளுக்குள் திணிப்பது கடினம் என ரங்கநாதன் கண்டார். லண்டனில் ஒரு பெரிய அங்காடியில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுக் கருவியை அவர் பார்த்தார். துளையிட்ட சில உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். இவற்றை வெவ்வேறு விதமாகப் பூட்டினால் பாலமும் ஆகும், வண்டியும் ஆகும். அதைக் கண்டதும் அவருக்கு ஒரு கருத்துப் பிறந்தது. ஒவ்வொரு பொருளையும் அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளின் எண்களை வேண்டியவாறு பூட்டிக் கொண்டால் என்ன? பூட்டும் திருகாணியாக அவர் கையாண்ட குறி முக்காற் புள்ளி. அதனால் அம்முறை 'கோலன் பகுப்பு' எனப் பெயர் பெற்றது. அது நூலாக வெளிவந்த ஆண்டு 1933.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். இந்தியாவில் நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். பயிர்த்தொழில் என்பது துறை. நெல் என்பது ஒரு கூறு. நோய் என்பது மற்றொரு கூறு. இந்தியா என்பது இடம். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை அட்டவணைகளிலிருந்து எடுத்து வரிசையாகப் பூட்டினால் நூலின் எண் தயார். நாளை கரும்பின் நோயைப் பற்றி ஒரு நூல் வருமானால் நெல்லின் குறியை நீக்கிக் கரும்பின் குறியை வைத்தால் போதும். அறிவு வளர வளர இம்முறையும் உடன் வளர்கிறது. பொருள்களைப் பல கூறுகளாகப் பகுத்துக் காணும் இவ்வழி, பின்னாளில் உலகின் பல நாட்டு நூலகவியலாரால் போற்றி ஆராயப்பட்டது.

ஒழுங்குபட அடுக்கிய பின்னரும் வாசகருக்கு ஒரு துணை தேவைப்படுகிறது. 'இப்பொருள் பற்றி எங்கே படிக்கலாம்?' என்று கேட்பவருக்கு வழிகாட்டும் பணியே நோக்கீட்டுத் தொண்டு எனப்படுவது. கடையில் பொருள் வாங்க வந்தவரை விசாரிப்பது போல, நூல் நிலையத்துக்கு வந்தவரையும் முகமலர்ந்து வரவேற்று, அவர் தேவை இன்னதெனக் கேட்டறிந்து, உரிய நூலை அவர் கையிற் சேர்க்க வேண்டும். இதனை ஓர் ஓய்வு நேர உபசாரமாக அல்லாமல், நூல் நிலையத்தின் முதன்மைக் கடமையாகவே ரங்கநாதன் கருதினார். 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற நூலின் சாரமும் இதுவே. நூல் பயன்பாட்டுக்கு உரியது; வாசகரையும் நூலையும் ஒன்று சேர்க்க வேண்டும்; அதில் காலம் வீணாகலாகாது; நிலையமோ ஓயாது வளர்வது என்பன அவ்விதிகளின் கருத்துக்கள். கேட்பதற்கு மிக எளியவை. ஆனால் ஒரு நிலையத்தின் கதவு திறக்கும் நேரம், அலமாரியின் உயரம், பணியாளரின் பேச்சு ஆகிய எல்லாவற்றையும் இவற்றைக் கொண்டே அளந்து விடலாம்.

ஒரு நூல் தனக்குரிய வாசகரை அடைந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஜி. எஸ். கார் என்பவர் லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த தனி ஆசிரியர். ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்ற நூல் அன்று. அதன் ஒரு படி கும்பகோணம் அரசினர் கல்லூரி நூல் நிலையத்தில் இருந்தது. 1903-ஆம் ஆண்டளவில் அது ஒரு பள்ளி மாணவரின் கைக்குக் கிட்டியது. அந்த மாணவர்தாம் சீனிவாச ராமானுஜன். நிரூபணங்கள் விரிவாகத் தரப்படாத அந்நூலின் முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்ட அவர், அங்கிருந்து புதிய கணித உலகுக்கே சென்று விட்டார். அவர் கல்லூரித் தேர்விலே தேறவில்லை. ஆயினும் 1913-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித் தொகை அளித்து ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. பின்னாளில், 1967-ஆம் ஆண்டில், ராமானுஜனைப் பற்றி ஒரு நூல் எழுதியவர் ரங்கநாதனே என்பது நினைவுகொள்ளத் தக்கது. அந்தப் புத்தகம் அன்று பூட்டிய பெட்டிக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பல்கலைக் கழக நூல் நிலையத்துக்கென்றே கடற்கரையில் சேப்பாக்கத்தில் எழுப்பப்பட்ட கட்டடம் 1936-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் இந்நிலையத்தின் தொண்டு அதன் சுவர்களுக்குள் அடங்கி விடவில்லை. 1928-ஆம் ஆண்டில் சென்னை நூல் நிலையச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டில் அச்சங்கம் தொடங்கிய நூலகர் பயிற்சியை 1931-இல் பல்கலைக் கழகமே ஏற்று நடத்தலாயிற்று. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் முயற்சியும் நடந்தது. இவ்வியக்கத்தின் பயனாக 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூல் நிலையச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் எழுந்த முதற் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு நூல் நிலைய வரியும் சேர்ந்து, ஊர்தோறும் நூல் நிலையங்கள் பெருக அது வழி வகுத்தது. ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்து, தம் மனைவியார் சாரதையின் பெயரும் விளங்க, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைய உதவினார். 1972-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பிறந்த ஆகஸ்டு மாதத்தில், 12-ஆம் நாளை, இந்நாட்டு நூலகர்கள் நூலகர் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள்.

மாணவ நண்பர்களே! இன்று பட்டியல் அட்டைகளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக் கொண்டது. கையிலுள்ள தொலைபேசியிலேயே ஆயிரக் கணக்கான நூல்களைத் தேடலாம். அப்படியிருக்க, நூல் நிலையத்துக்கு நடந்து செல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். கருவி நீங்கள் கேட்டதைக் கொடுக்கும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று அறியாதவனுக்கு அது என்ன செய்யும்? அலமாரியின் முன் நிற்பவனுக்கோ, தேடிய நூலின் இடப்புறமும் வலப்புறமும் தான் கனவிலும் கேட்டிராத நூல்கள் கண்ணிற் படும். அடுத்த முறை செல்லும்போது, வேண்டிய நூலை எடுத்த உடனே திரும்பி விடாதீர்கள். அதன் இருபுறமும் உள்ள நான்கு நூல்களையேனும் புரட்டிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் நூலகரிடம் கூசாமல் கேளுங்கள். உங்களுக்கு விடை சொல்வது அவர் பணிக்கு இடையூறு அன்று, அதுவே அவர் பணி. எடுத்த நூலைக் கோடிடாமலும் மடிக்காமலும் குறித்த நாளில் திருப்பித் தாருங்கள். அதற்காகக் காத்திருப்பவர் யார் என்பதை நாம் அறியோம்.

மேலும் ஒன்று. உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ நூல்கள் இன்னமும் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமானால், அவற்றைத் திறந்து தருமாறு பணிவுடன், ஆனால் விடாமல் கேளுங்கள். அது சலுகை அன்று, மாணவருக்குரிய உரிமை. கேட்பார் இருந்தால்தான் கதவுகள் திறக்கும். படிப்பார் இருந்தால்தான் நூல்கள் வாழும்.