செல்வாக்கா? சொன்ன வாக்கா?



ஒரு தலைவரை எடைபோட வேண்டியது மக்கள் செல்வாக்கை வைத்தா, அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாரா என்பதை வைத்தா? இதுதான் தலைப்பு. நம்ம நடுவர் ரொம்ப விவரமானவர். "உள்ளூர்த் தலைவர்களை இழுக்காதீங்கப்பா, நான் வீடு போய்ச் சேரணும்"னு முதல்லயே சொல்லிட்டார். (சிரிப்பு) அதனால் இரண்டு அணியும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டனைப் பிடித்துக்கொண்டோம். அவர் நம்ம ஊருக்கு வந்து கேட்கப் போறதில்லை. (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கணக்குச் சொன்னார். 1998 டிசம்பர் 19-ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கிளிண்டன் மேல் குற்றம் சாட்டித் தீர்மானம் போட்டது. அந்த வாரத்திலேயே கேலப் நிறுவனம் மக்களைக் கேட்டபோது 73 சதவீதம் பேர் 'அவர் நன்றாக ஆள்கிறார்' என்றார்கள். "இதைவிட என்னய்யா வேணும்?"னு கேட்டார். அம்மா, நான் மறுக்கவே மாட்டேன். நம்ம வீட்டுப் பையன் கணக்குப் பரீட்சையில 73 வாங்கினா தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். (சிரிப்பு) அந்த 73 சும்மா வந்ததும் இல்லை. வேலையில்லாதவர்கள் குறைந்தார்கள். 1969-க்குப் பிறகு முதல் தடவையாக 1998-ல் அமெரிக்க அரசின் வரவு செலவுக் கணக்கில் துண்டு விழாமல் மிச்சம் விழுந்தது. நல்லதை நல்லது என்றுதான் சொல்லணும்.

ஆனால் நான் அதற்கு ஐந்து வருஷம் முன்னால் உங்களை அழைத்துப் போகிறேன். 1993 செப்டம்பர் 22. பாராளுமன்றத்தின் இரண்டு சபையும் கூடியிருக்கிறது. கிளிண்டன் பேச எழுந்து நிற்கிறார். எதிரே கண்ணாடித் திரையில் பேச்சு ஓடணும். ஓடுது. என்ன ஓடுது? பிப்ரவரி மாசம் பேசின பழைய பேச்சு! (சிரிப்பு) நானாயிருந்தா அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். மனுஷன் அசரலையே. ஏறத்தாழ ஏழு நிமிஷம் திரையின் துணையில்லாமல் பேசிச் சமாளித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அது செல்வாக்கு! நான் ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குத்தான் ஒரு சின்ன அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். 'ஒவ்வொரு அமெரிக்கருக்கும் இந்த அட்டை கிடைக்கும், யாரும் பறிக்க முடியாத மருத்துவக் காப்பீடு கிடைக்கும்' என்று வாக்குக் கொடுத்தார். அந்த நாட்டில் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, டாக்டரும் போயிடுவார். அன்றைக்குக் காப்பீடே இல்லாதவர்கள் சுமார் 3 கோடியே 70 லட்சம் பேர். அத்தனை பேரும் அந்த அட்டையைப் பார்த்தார்கள்.

அட்டை வந்ததா? வரவில்லை.

மனைவி ஹிலாரி தலைமையில் குழு போட்டார். மசோதா 1,342 பக்கம். (சிரிப்பு) சிரிக்காதீங்க, படிச்சவங்க பாவம். காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் ஒரு விளம்பரம் போட்டது. ஹாரி, லூயிஸ்னு ஒரு கணவன் மனைவி மேஜையில் உட்கார்ந்து, 'இந்தத் திட்டம் வந்தா நம்ம கதி என்ன?'ங்கிற மாதிரிக் கவலைப்படுவார்கள். 1,342 பக்கம் படிக்காத நாடு அந்தச் சின்ன விளம்பரத்தைப் பார்த்தது. 1994 செப்டம்பர் 26-ஆம் தேதி, கிளிண்டனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட் தலைவர் ஜார்ஜ் மிட்செல், 'இந்த வருஷம் இது நடக்காது' என்று அறிவித்துவிட்டார். எந்தச் சபையிலும் இறுதி ஓட்டெடுப்புக்கே வராமல் முடிந்தது கதை.

எதிரணி நண்பர் மேஜையைத் தட்டுகிறார். "தடுத்தது எதிர்க்கட்சி!" என்கிறார். வாங்க, அதையும் பேசுவோம். குடியரசுக் கட்சி ஆலோசகர் ஒருவர், 'சமரசமே வேண்டாம், திட்டத்தையே தோற்கடியுங்கள்' என்று தன் கட்சிக்காரர்களுக்கு எழுதியது உண்மை. ஆனால் 1994 முடியும் வரை இரண்டு சபையிலும் பெரும்பான்மை யாருக்கு? கிளிண்டன் கட்சிக்கு! இரண்டு வீட்டுச் சாவியும் இடுப்பில் இருக்கிறது. "ஐயா, செனட்டில் சிறுபான்மையினர் பேசிப் பேசியே மசோதாவை நிறுத்தலாமே" என்பீர்கள். அதுவும் உண்மை. அதனால்தானே கொஞ்சம் இறங்கி வரணும்? எதிர்க்கட்சியிலேயே ஜான் சேஃபி என்ற செனட்டர் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். இவரோ 1994 ஜனவரியில் ஒரு பேனாவை உயர்த்திக் காட்டி, 'எல்லோருக்கும் காப்பீடு தராத மசோதா வந்தால் இந்தப் பேனாவாலேயே ரத்து செய்வேன்' என்றார். முதலில் அட்டை, அப்புறம் பேனா. கடைசியில் அட்டையும் இல்லை, பேனாவுக்கு வேலையும் இல்லை. (கைதட்டல்)

அதற்குப் பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1994 நவம்பரில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சி கைக்குப் போனது. அவர்கள், 'பார்த்தாயா தோல்வி!' என்றார்கள். 1998-ல் 73 சதவீதம் வந்ததும் இவர்கள், 'பார்த்தாயா செல்வாக்கு!' என்றார்கள். ஒருத்தர் தோல்வியை எண்ணுகிறார், இன்னொருத்தர் புகழை எண்ணுகிறார். நோயாளியை யாருமே எண்ணவில்லை ஐயா! நான் எண்ணிச் சொல்கிறேன். அதே 1998-ஆம் வருஷத்துக்கு அமெரிக்க அரசாங்கமே எடுத்த கணக்கில் காப்பீடு இல்லாதவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம். அட்டையைக் காட்டிய அன்றைக்கு இருந்ததைவிட அதிகம்! 1997-ல் ஏழைக் குழந்தைகளுக்குக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குழந்தையின் அப்பா அம்மா?

நடுவர்: ஏம்ப்பா, அமெரிக்கக்காரனுக்கு இல்லாத கோபம் உனக்கு ஏன் வருது?

சொல்கிறேன் ஐயா. எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் என் தகப்பனாருக்குத் திடீரென்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில், "முதல்ல பணம் கட்டிட்டு வாங்க" என்றார்கள். எங்களுக்கு மாமா முறையில் ஒருத்தர். ஊரில் அவருக்கு அப்படி ஒரு மதிப்பு. கோயில் திருவிழாவா, பஞ்சாயத்தா, அவர் இல்லாமல் நடக்காது. அவர் வந்து பார்த்தார். அம்மாவிடம், "நீ கலங்காதே தங்கச்சி, நான் இருக்கேன், ராத்திரிக்குள்ள பணத்தோட வர்றேன்" என்றார். போனார். வரவில்லை. விடிந்ததும் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடகுக் கடை வாசலில் கடை திறக்கும் வரை நின்றவன் நான். அப்பா பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் மாமாவின் மதிப்பு ஊரில் குறையவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் ஊரே கூடி அவரைப் புகழ்ந்தது. நான் கோபமாக அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னாங்க: "அவரு கெட்டவரு இல்லப்பா. என்ன நெருக்கடியோ. ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, ஊரில் கருத்துக் கணிப்பு எடுத்தால் மாமாவுக்கு 73 கிடைத்திருக்கும். 'நான் இருக்கேன்' என்ற சொல்லின் எடை என்ன என்பது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் தெரியும்.

எதிரணிக்கு ஒன்று சொல்கிறேன். செல்வாக்கு என்பது மக்கள் கொடுக்கிற பரிசு இல்லை, மொய்! நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதும்போது நோட்டில் பேர் போட்டு வைப்போம். எதற்கு? பெட்டியில் பூட்டி வைக்கவா? நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யணும் என்பதற்கு. மொய்ப் பணத்தை எண்ணி எண்ணிப் பூரித்துவிட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போனால் அவருக்கு என்ன பேர் என்று தாய்மார்களே சொல்லுங்கள். (கைதட்டல்)

செலவழிக்கலாம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பதினாறு வருஷம் கழித்து, 2010 மார்ச் 23-ல் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சி ஓட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மக்கள் ஆதரவும் பாதிக்குப் பாதிதான். அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சிக்கு 63 இடம் போனது. அவரும் எல்லா வாக்கையும் காப்பாற்றியவர் இல்லை. குவாண்டனாமோ சிறையை ஒரு வருஷத்தில் மூடுவேன் என்றார், பதவியை விட்டு இறங்கும் வரை மூடவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில், இருந்த கொஞ்சச் செல்வாக்கையும் செலவழித்தார். சட்டம் முழுசாக எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்றாலும், கோடிக்கணக்கான பேருக்குக் காப்பீடு கிடைத்தது. நிறைய வைத்திருந்தவரால் முடியாததைக் குறைய வைத்திருந்தவர் செய்தார்.

முடிக்கிறேன் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள். (சிரிப்பு) 'செல்வாக்கு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செல்கிற வாக்கு! கொடுத்த வாக்கு செல்ல வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது செல்வாக்கு. பாதி வழியில் நின்றுபோனால் செல்லாத வாக்கு.

எனவே, தலைவரை எடைபோட வேண்டிய தராசு கைதட்டுகிறவர் கையில் இல்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கையில்தான் இருக்கிறது என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.

(கைதட்டல்)