பூனைக்கும் வேண்டும் அளவான தாது உப்பு

(மர்பி டவுனில் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பேசியது)



இன்று பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "மனுஷனுக்கே சத்து போதவில்லை. பூனைக்கு என்ன பேச்சு?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மர்பி டவுன் சந்துகளில் எத்தனை வீட்டுத் திண்ணையில் பூனை படுத்திருக்கிறது, பாருங்கள். எலித் தொல்லைக்காக நாம்தான் அதை வீட்டில் சேர்த்தோம். நமக்காக உழைக்கும் உயிர் அது. அதன் வயிற்றுக்கு எது நல்லது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நான் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். அதனால் ஓர் உயிர் போயிற்று. அதை முதலில் சொல்கிறேன்.

முத்துவின் கதை

எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தது. பெயர் முத்து. வயது நான்கு. நல்ல கொழுத்த பூனை. ஒருநாள் காலையில் மணல் தொட்டியில் உட்கார்ந்து முக்கியது. எழுந்து போனது. திரும்ப வந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்தேன். விளக்கெண்ணெய் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

மருத்துவர் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது மலச்சிக்கல் இல்லை அம்மா. மூத்திரம் அடைத்துக்கொண்டது. முதல் நாளே வந்திருக்க வேண்டும்" என்றார். அன்று மாலையே முத்து இறந்துவிட்டது.

ஏன் அடைத்தது? கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிகவும் குறுகியது. மூத்திரத்தில் உள்ள தாது உப்புகள் மணல் போலத் திரளும். சளி போன்ற கசிவோடு சேர்ந்து குழாயை அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் கல்லடைப்பு என்கிறோமே, அது போன்றதுதான்.

தாது உப்பு என்றால் என்ன?

சோற்றுக்குப் போடும் உப்பு மட்டும் தாது உப்பு அல்ல. சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம், இரும்பு, துத்தநாகம், அயோடின் எல்லாமே தாது உப்புகள்தான். எலும்புக்கும், இரத்தத்துக்கும், இதயத் துடிப்புக்கும் இவை வேண்டும். குறைந்தாலும் கெடுதல். கூடினாலும் கெடுதல். குழம்பில் உப்புப் போடுவது போலத்தான்.

வெறும் கறி போதுமா?

"பூனைக்குக் கறிதானே உணவு? கறி மட்டும் போட்டால் போதும்" என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 180 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம்தான். அப்படியானால் பூனை எவ்வளவு கறி தின்ன வேண்டும்? 1,800 கிராம். ஏறக்குறைய இரண்டு கிலோ! முடியுமா?

அதே 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தைப் போல 20 மடங்கு. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இப்படி ஏறுமாறாக இருந்தால், உடம்பு தன் சொந்த எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும். எலும்பு மெலியும். பல மாதம் இப்படியே போனால், சுவரிலிருந்து குதித்தாலே கால் முறியலாம். குட்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

எலியைப் பிடிக்கும் பூனை அதை எலும்போடு தின்கிறது. அதனால் அதற்குச் சுண்ணாம்பு கிடைத்துவிடுகிறது. நாம் எலும்பை நீக்கிக் கறியை மட்டும் போடுகிறோம். அங்கேதான் குறை வருகிறது. அதற்காக வேகவைத்த கோழி எலும்பைப் போடாதீர்கள். அது கூராக உடைந்து குடலைக் குத்தும்.

ஈரலும் தினமும் வேண்டாம். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. வைட்டமின் ஏ மிக அதிகம். நாளாக நாளாகக் கழுத்தெலும்பு ஒட்டிக்கொண்டு பூனை திரும்ப முடியாமல் போகும்.

பால் சோறு மட்டும் போட்டாலும் போதாது. பூனைக்கு இறைச்சி கட்டாயம் வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதியாகும்.

மக்னீசியம் சொல்லும் பாடம்

பூனையின் மூத்திரத்தில் திரளும் கற்களில் ஒருவகை மக்னீசியமும் பாஸ்பரஸும் சேர்ந்தது. அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். 1980-களில் பாக்கெட் தீனி செய்யும் கம்பெனிகள் மக்னீசியத்தைக் குறைத்தன. மூத்திரத்தில் புளிப்புத் தன்மை கூடும்படி தீனியை மாற்றின. அந்தக் கல் குறைந்தது.

ஆனால் வேறொரு கல் கூடியது. அது சுண்ணாம்பால் ஆன கல். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981-ல் தொடங்கிய கல் ஆய்வு மையம் இந்த மாற்றத்தைக் கண்டது. முதல் வகைக் கல் தகுந்த தீனியால் கரையும். இரண்டாம் வகை கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒன்றைக் குறைத்தால் வேறொன்று தலைதூக்கும். எனவே நாமாக மாத்திரையோ பொடியோ வாங்கிப் போடக் கூடாது. கறி சமைத்துப் போடுகிறவர்கள் சுண்ணாம்புக்கு என்ன சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லுக்குத் தீனி மட்டுமே காரணம் அல்ல. கொழுப்பு, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, பயம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஆகியவையும் சேரும்.

தண்ணீர்

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை. அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. பாக்கெட்டில் வரும் உலர்ந்த தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் தண்ணீர். எலியின் உடம்பிலோ பாதிக்கு மேல் தண்ணீர். உலர்ந்த தீனி மட்டும் தின்னும் பூனையின் மூத்திரம் கெட்டியாகும். கெட்டியான மூத்திரத்தில் உப்பு திரளும்.

ஆகவே தீனியோடு கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுங்கள். மீன் வேகவைத்த தண்ணீரும் நல்லது. அதில் உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

கருவாடு பூனைக்கு உயிர். ஆனால் அதில் உப்பு மிக அதிகம். வயதான பூனைக்குச் சிறுநீரகமும் இதயமும் தளர்ந்திருக்கும். அதற்குக் கருவாடு ஆகாது.

வயதான பூனை

வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு அதிகம் வரும். அப்போது பாஸ்பரஸ் வெளியேறாமல் உடம்பில் தங்கும். பாஸ்பரஸ் குறைந்த உணவு கொடுத்தால் பூனை கூடுதல் நாள் வாழும். பொட்டாசியமோ மூத்திரத்தோடு அதிகமாகப் போய்விடும். அப்போது பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கவிடும்.

மூத்திரம் அடைத்தால் இதற்கு நேர்மாறு. பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஒன்றிரண்டு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். என் முத்துவுக்கு நடந்தது அதுதான் என்று மருத்துவர் விளக்கினார். விளக்கெண்ணெய் கொடுத்த நேரத்தில் ஆட்டோ பிடித்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

நம் ஊரில் ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கு மட்டும்தான் அங்கே வைத்தியம் என்று நினைக்காதீர்கள். பூனைக்கும் உண்டு.

இப்போது எங்கள் வீட்டில் வேறொரு கடுவன் இருக்கிறது. தினமும் காலையில் அதன் மணல் தொட்டியைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். மணல் நனைந்திருந்தால் மனம் நிம்மதி. நீங்களும் பாருங்கள். வணக்கம்.

நினைவில் வையுங்கள்

1. வெறும் கறி, வெறும் ஈரல், வெறும் பால் சோறு: எதுவும் தனியாகப் போதாது.
2. பாக்கெட் தீனி வாங்கினால், வளர்ந்த பூனைக்கான முழு உணவு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.
3. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.
4. கடுவன் பூனை முக்கியும் மூத்திரம் வரவில்லையா? அன்றே மருத்துவரிடம் போங்கள். காத்திருக்காதீர்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டுப் பூனை நேற்று என்னென்ன தின்றது?
2. அதில் சுண்ணாம்புச் சத்து எதில் இருந்தது?