இருபது பேர் போட்ட மனு

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒரு வழக்கு பற்றிப் பேசப்போறேன். படிச்சது மெக்கானிக்கல், தப்பு இருந்தா வக்கீல் நண்பர்கள் பொறுத்துக்கணும்.

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் அதுதான் தலைக்கு மேல் கத்தி. 2001-ல் நாஸ் ஃபவுண்டேஷன் என்ற எய்ட்ஸ் தடுப்பு அமைப்பு டெல்லி உயர்நீதிமன்றம் போனது. பயந்து ஒளிகிறவர்களிடம் நோய்த்தடுப்பு எப்படிப் போய்ச் சேரும் என்பது அவர்கள் வாதம். 2009 ஜூலை 2-ல், வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று தீர்ப்பு.

அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் டி.வி. ஓடிக்கிட்டிருந்தது. ஒரே கிண்டல், சிரிப்பு. நானும்தான். எங்க டேபிளில் ஒருத்தன் மட்டும் தட்டோட எழுந்து போனான். பசியில்லை போல என்று விட்டுட்டோம்.

2013 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 150 வருஷத்தில் இந்தப் பிரிவில் வழக்கைச் சந்தித்தவர்கள் 200 பேர்கூட இல்லை, இவர்கள் மிகச் சிறு பகுதி, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றட்டும் என்றது. 2015-ல் சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அறிமுகம் செய்யவே விடவில்லை. ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஓட்டு இல்லாத விஷயத்தில் யாருக்கு அவசரம்?

சிறு பகுதி என்று எப்படி எண்ணினார்களோ! கையைத் தூக்கினா கேஸ் என்றால் எவன் தூக்குவான்? கேஜை மூடி வச்சுட்டு பிரஷரே இல்லைன்னு ரீடிங் எழுதின மாதிரிதான்.

2016-ல் நடனக் கலைஞர் நவ்தேஜ் ஜோஹரும் இன்னும் நாலு பேரும் சொந்தப் பேரில் மனு போட்டார்கள். ஓரளவு பேர் பெற்றவர்கள். 2018 மே மாதம் ஐ.ஐ.டி.களின் பழைய மாணவர்களும் மாணவர்களுமாக 20 பேர் மனு போட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிசு. நம்மளப் போல ஆளுங்க. மனுவில் பேர் வந்தா அப்பா அம்மாவுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும். தீர்ப்பு எதிரா வந்தா அதுவே ஒப்புதல் வாக்குமூலம். செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றார்கள்.

எல்லாம் முடிஞ்சுடலை. திருமண உரிமை கிடையாது என்று 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனா நம்ம சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021-ல் ஒன்று நடந்தது. மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து வந்த இரண்டு பெண்கள் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உத்தரவு எழுதினார். 'மாத்திடறோம்' என்று செய்கிற சிகிச்சைக்கும் தடை போட்டார்.

தட்டோட எழுந்து போனவன் 2018 செப்டம்பரில் எனக்கு போன் பண்ணினான். அன்றைக்கு மெஸ்ஸில் நான் சொன்னது வார்த்தை மாறாமல் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எனக்குச் சுத்தமா இல்லை. அவனைக் கேட்டுக்கிட்டுத்தான் இங்கே பேசறேன். பேர் மட்டும் வேண்டாம்னுட்டான். இன்றைக்கு வாடா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். வரலை.