குறைந்த தீமை: யாருக்குக் குறைந்தது?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் தேர்தலைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் ஐயுறலாம். கட்சி பேச நான் வரவில்லை. போட்டியிடும் இருவருமே தீயவர் எனத் தோன்றும்போது, தீமை குறைந்தவர்க்கு வாக்களிப்பது முறையா என்னும் வினாவே என் பொருள்.

2011ஆம் ஆண்டு சனவரியில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எவரையும் ஏற்க மனமின்றி, நான் 49-ஓ விதியைக் கையாண்டேன். நோட்டா இல்லாத காலம் அது. வாக்களிக்க விருப்பமில்லை என்பதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். முகவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தனர். நிமிர்ந்த தலையுடன் வீடு திரும்பினேன்.

மறுவாரம் வகுப்பில் இதைப் பெருமையாகச் சொன்னேன். சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்தாள். "ஏனுங்கம்மா, யார் வந்தாலும் உங்களுக்குச் சம்பளம் வந்துருமுங்க. எங்கப்பாவுக்கு மூணு மாசமா வேலையில்லைங்க. உங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லீங்களே" என்றாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "எங்க ஊரு ஒரத்துப்பாளையம் பக்கமுங்க. பட்டறை ஓடினா எங்க கிணறு கெடுமுங்க."

நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறிய கதையை இந்த அவை அறியும். ஒருத்தியின் உலைக்கு நெருப்பு, மற்றொருத்தியின் கிணற்றுக்கு நஞ்சு. எது குறைந்த தீமை என்பதற்கு முன், யாருக்குக் குறைந்தது என்று கேட்க வேண்டும் என அன்றுதான் கற்றேன். எனது கையொப்பத்தில் அவ்விருவருமே இல்லை. என் மனத்தூய்மை மட்டுமே இருந்தது.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த மற்றொன்றை நினைவூட்டுகிறேன். 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டனர். தம் குறைகள் கேட்கப்படாமையால் உழவர்கள் காட்டிய எதிர்ப்பு அது. வாக்குச்சீட்டே ஒரு புத்தகமாயிற்று. ஆயினும், தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி செகதீசன் வென்றார். 88 பேர் ஒரு வாக்கும் பெறவில்லை. நாடு முழுதும் அவ்வெதிர்ப்பைக் கேட்டது. ஆனால் ஆளப்போவது யார் என்பதைப் பெருங்கட்சி வேட்பாளர்க்கு விழுந்த வாக்குகளே முடிவு செய்தன. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது.

2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா வந்தது. மறுப்பவரின் மறைவும் காக்கப்படுகிறது. எனினும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா எத்தனை வாக்குகள் பெற்றாலும், வேட்பாளருள் மிகுதி பெற்றவரே வெல்கிறார்.

குற்றமற்றவரைத் தேடிக் காத்திருங்கள் என்று வள்ளுவரும் சொல்லவில்லை. 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில், நல்லதையும் அல்லதையும் சேர்த்தே தராசில் இடச் சொல்கிறார். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டோ இன்னொரு வழி காட்டுகிறது. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய பின்னரே, குடத்தில் ஓலை இட்டனர். சல்லடை முதலில், தேர்வு பிறகு. இன்றோ வேட்பாளர் பட்டியல் நம்மைக் கேளாமலே முடிவாகிறது. கடைசி நாளில் தராசு மட்டும் நம் கைக்கு வருகிறது.

ஆகவே என் முடிவு இது. தீமை குறைந்தவர்க்கே வாக்களிப்போம். அத்தீமையைச் சுமக்கப்போகிறவர் கண்கொண்டு அதை அளப்போம். ஆனால் வாக்களித்த மறுநாளே அவரை நல்லவர் என்று பாடத் தொடங்குகிறோமே, அங்குதான் நாம் பிழைபடுகிறோம். குறைந்த தீமையும் தீமையே. அச்சொல்லை ஐந்தாண்டும் மாற்றாமல் காப்பது கவிஞர் கடன். அடுத்த பட்டியலுக்கு அதுவே சல்லடையாகும்.

அவ்விரு மாணவியரும் ஒரே பெஞ்சில் அமர்ந்துதான் தேர்வெழுதிச் சென்றனர். அவர்கள் இருவர்க்கும் பொருந்தும் ஒரு சொல்லை நான் இன்னும் தேடுகிறேன். இங்குள்ள கவிஞர்கள் எனக்கு உதவ வேண்டும்.