தனி அலுவலரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்ட உரை)



"எவன் வந்தா நமக்கென்ன?" தேரடி வீதி டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் உண்டா? மக்களுக்கு அக்கறை இல்லை என்று படித்தவர்கள் பழி போடுகிறார்கள். நான் கேட்கிறேன்: அக்கறை காட்ட இடம் கொடுத்தீர்களா?

2016 அக்டோபரில் இந்த ஊர் நகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2022 பிப்ரவரி 19! ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடி என்கிறது அரசியல் சட்டம். ஆட்சியாளர்களோ ஒரு முழுப் பதவிக்காலத்தையே விழுங்கி ஏப்பம் விட்டார்கள்! இடஒதுக்கீட்டில் குறை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது, உண்மை. அதைச் சரிசெய்ய ஐந்து வருடமா?

அதே இடைவெளியில் 2019-ல் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டோம். 2021-ல், கொரோனாவுக்கு நடுவிலும், சட்டமன்றத்துக்குப் போட்டோம். கோட்டைக்கு ஆள் அனுப்ப வாக்குச்சாவடி திறக்கும். சாக்கடை அடைப்பைக் கேட்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் வார்டு வரையறை முடியாது!

அதுவரை நகராட்சியை ஆண்டவர் அரசு நியமித்த தனி அலுவலர். நல்லவராகவே இருக்கட்டும். அவரை உட்கார வைப்பதும் தூக்குவதும் சென்னை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஜனம் கிரிவலம் வரும் ஊர் இது. மறுநாள் குவிந்து கிடக்கும் குப்பைக்கு யாரை மறித்துக் கேட்பது? கவுன்சிலர் என்றால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த முறை வீட்டுக்கே அனுப்பலாம். தனி அலுவலரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கிய பாவம்தானே என்று தி.மு.க. நண்பர்கள் கைதட்ட வேண்டாம். இந்த மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது ஆட்சி உங்களுடையது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தது யார்? மறுபடியும் தனி அலுவலர்!

பக்கத்திலே கேரளம். 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. 2020 டிசம்பரில், கொரோனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே உள்ளாட்சித் தேர்தலை நடத்திக் காட்டியது. அவர்கள் உடம்பில் ஓடுவது வேறு ரத்தமா? அங்கே பஞ்சாயத்துக்குப் பணமும் அதிகாரமும் உண்டு. ஆகவே மக்களுக்கு அதில் பிடிப்பும் உண்டு.

தோழர்களே, புலம்பியது போதும். அடுத்த கிராம சபையைத் தனி அலுவலரே கூட்டினாலும் போங்கள். "ஊராட்சித் தேர்தலை உடனே நடத்து, இனிப் பதவிக்காலம் முடியும் முன்பே நடத்து" என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை ஒருவரும் எழுந்திருக்காதீர்கள்! சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு எந்தக் கொடி வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்கள் ஓட்டு உனக்கு வேண்டும், எங்கள் ஊராட்சி எங்களுக்கு வேண்டாமா?"