மரம் வாடகை தருமா?



இன்று சாலைக் குழிகளைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீஸில் போட்டிருந்தோம். குழி எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த மாதமும் பேசிக்கொள்ளலாம். போன வாரம் நம் ஓசூரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பேசியதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரு கண்டோன்மென்ட் ரயில்வே காலனியில் 8.61 ஏக்கர் நிலம். 360-க்கும் மேல் மரங்கள். அதை வணிகக் கட்டடத்துக்குக் குத்தகை விட ரயில்வே கிளம்பியது. 2025-இல் ஊர் ஜனம் மறித்து நின்றது. கடைசியில் கர்நாடக அரசே, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப் போகிறோம் என்று அறிவிக்கை விட்டது. இதற்குத்தான் நம் பெரிய மனிதர் மைக்கைப் பிடித்துக் கேட்கிறார்: "மரம் வாடகை தருமா?"

பேசிவிட்டு வெளியே வந்தாரே, டிரைவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்ப்பா, வண்டியை அந்தப் புளியமரத்து நிழலில் விடக் கூடாதா? சீட்டு கொதிக்குது!" (சிரிப்பு, கைதட்டல்)

வாடகைக் கணக்கா கேட்கிறீர்கள்? வாருங்கள், ரயில்வே நமக்கு வைத்திருக்கிற பாக்கியைக் கணக்கு பார்ப்போம். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் விட்டான் வெள்ளைக்காரன். இரண்டரை அடி அகலத் தண்டவாளம், குட்டி ரயில். மறு ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்று. அது 1913-இல் ஓசூர் வரை வந்தது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக என்று போட்ட பாதை. 1936-இல் கிருஷ்ணகிரி ரயிலை நிறுத்தினான். 1941-இல், உலகப் போர் நேரத்தில், ஓசூர் ரயிலையும் நிறுத்தினான். ரயில்வேக்காரர்களே, எடுத்தீர்களே, திருப்பிக் கொடுத்தீர்களா?

ஓசூருக்காவது பின்னால் சேலம் பாதை வந்தது. கிருஷ்ணகிரி? 2004-இலிருந்து மாவட்டத் தலைநகரம். கலெக்டர் இருக்கிறார், எஸ்.பி. இருக்கிறார், ஸ்டேஷன் இல்லை! ரயில் பிடிக்க ஜோலார்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறான் கிருஷ்ணகிரிக்காரன். மாம்பழத்துக்குப் பேர் போன ஊரில் மாம்பழக் கூடைக்கு ஒரு வேகன் கிடையாது. எடுத்தீர்களே, திருப்பிக் கொடுத்தீர்களா?

அதே ரயில்வே, சரக்கு முனையம் வைக்கிற கம்பெனிக்கு என்ன விலை சொல்கிறது? ரயில்வே நிலம் 35 ஆண்டுக்கு. ஆண்டு வாடகை சந்தை மதிப்பில் ஒன்றரை சதவீதம். 2022-இல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு இது. அவர்களுக்கு ஒன்றரை சதவீதம். எங்கள் பிள்ளை ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் மட்டும் நாட்டுக்கு நஷ்டமா?

சும்மா கிடக்கிற ரயில்வே நிலம் பூங்கா ஆகுமா என்கிறீர்களா? பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்று ஒரு ரயில்வே யார்டு. 1952-இல் வேலை நின்றது. யாரும் செடி நடவில்லை. தண்டவாளத்துக்கு நடுவே தானாகவே காடு முளைத்தது. அதை அழித்து மறுபடி யார்டு கட்டப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 2000-இல் அது பூங்கா. தண்டவாளம் அப்படியே கிடக்கிறது, மரம் அதன் மேல் நிற்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், நம் ஜனம் பிழைக்கப் போன சிங்கப்பூரைப் பாருங்கள். தஞ்சோங் பகாரிலிருந்து மலாயாவுக்கு ஓடிய ரயில் 2011-இல் நின்றது. சாண் நிலம் தங்கமாக விற்கிற ஊர் அது! அந்த 24 கிலோமீட்டர் பாதையைப் பச்சை வழியாக்கி ஜனங்களை நடக்க விட்டிருக்கிறார்கள். நம் சென்னையிலேயே, கிண்டியில் குதிரை ஓடிய இடத்தில் 118 ஏக்கர் பூங்கா என்று அரசு அறிவித்திருக்கிறது. குதிரைக்காரர்களிடமே வாங்க முடிந்தது, ரயில்காரர்களிடம் முடியாதா?

ரயில் ஓடாத நிலத்தில் பூங்கா கேட்டால் முதலீடு ஓடிவிடுமாம். அசோக் லேலண்டும் டைட்டனும் ஓசூருக்கு வந்தது இங்கே பூங்கா இல்லை என்று கேள்விப்பட்டா? இன்னொருவர் சொல்கிறார், பூங்கா வைத்தால் காதலர்கள் வருவார்களாம். வரட்டுமே! உங்கள் வீட்டு வாசலில் நிற்பதற்கு அது மேல் இல்லையா? (சிரிப்பு)

நம் ஓசூர் தர்கா ஸ்டாப்பில் சாயங்காலம் ஐந்தரைக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து ட்ரெய்னிப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஐடி கார்டைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ரூமுக்குப் போனால் நைட் ஷிப்ட்காரன் இன்னும் தூங்குகிறான். அவன் எழுந்திருக்கும் வரை பெட்ரோல் பங்க் சுவரில் சாய்ந்து நின்று செல்போனைத் தேய்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சுவரும் கிடையாது. உலகத்துக்கே ஸ்கூட்டரும் கைக்கடிகாரமும் செய்து அனுப்புகிற ஊரில், உட்கார ஒரு பெஞ்சு இல்லை. வேடிக்கை பார்க்க வேண்டுமா? கெலவரப்பள்ளி அணைக்குப் போங்கள். ஊட்டிக்காரனுக்குப் பனி, நமக்குப் பெங்களூரு கழிவில் பொங்குகிற நுரை!

ஆகவே ரயில்வேயைக் கேட்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் ரயில் ஓடாத ரயில்வே நிலம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று சர்வே எண்ணோடு பட்டியல் போடுங்கள். பழைய ரயில் ஓடிய இடமெல்லாம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று வெளியே சொல்லுங்கள். ஒரு சென்ட்டைக் குத்தகை விடுவதற்கு முன்னால் எங்கள் மாநகராட்சியையும் நகராட்சியையும் கூப்பிட்டுக் கேளுங்கள். 1936-இல் கேட்காமல் எடுத்தீர்கள், 1941-இல் கேட்காமல் எடுத்தீர்கள். மூன்றாவது தடவை கேட்காமல் எடுக்க விடமாட்டோம்! (பலத்த கைதட்டல்)

கையெழுத்து நோட்டு மேடைக்கு இடது பக்கம், டீக்கடை பெஞ்சில் இருக்கிறது. பெரிய மனிதர் வந்தாலும் போடலாம். பேனா நாங்கள் தருகிறோம், வாடகை வேண்டாம்.