கதையில் அடிபடுகிறவன்

அமெரிக்காவில் 2010 முதல் 2024 வரை ‘புளூ பிளட்ஸ்’ என்னும் தொலைக்காட்சி நாடகம் நடந்தது. நியூயார்க்கில் ஒரு குடும்பம்: பாட்டனார் முன்னாள் போலீஸ் கமிஷனர், தகப்பனார் கமிஷனர், மகன் டானி துப்பறியும் போலீஸ்காரர், மகள் எரின் அரசாங்க வக்கீல்.

முதல் கதையிலேயே, கடத்தப்பட்ட சிறுமியைத் தேடும் டானி ஒருவன் தலையைக் கக்கூஸ் தண்ணீரில் அமுக்குகிறார். அவன் குற்றவாளியேதான், சிறுமியும் பிழைக்கிறாள். எரின் சட்டம் பேசியும் பயனென்ன?

அடிபடுகிறவன் குற்றவாளியென்று முன்னமே எழுதி வைத்துக்கொண்டால், அடிக்கிறவர் யோக்கியராகாமல் வேறென்ன ஆவார்? நிஜ லாக்கப்பில் அப்படி எழுதி வைத்தவர் யார்? ஆதலால் குடும்பப் பெருமையில் மயங்காமல், “அவன் நிரபராதியாயிருந்தால்?” என்று கேளுங்கள் என்றே நாம் வேண்டிக்கொள்ளுகிறோம்.